சோறு போட்டோம், சரி... பெத்தவங்களைக் கூடிப் பேச விட்டோமா?

திருச்சி மாவட்டத்து மருங்காபுரி ஒன்றியத்துக்கு வடக்கே, திருச்சியை ஒட்டி பாப்பாக்குறிச்சி. தெற்கே, துவரங்குறிச்சியைத் தாண்டி மதுரை ரோட்டில் கொட்டாம்பட்டி. தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வயிற்றோடு இரண்டு ஊருக்கும் சம்பந்தம் உண்டு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது பாப்பாக்குறிச்சியில். திருச்சிக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சங்கதி அது. கொட்டாம்பட்டியில் அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒரு வேலை ஆரம்பமாகிவிட்டது. அதைப் பற்றி அந்த ஊரிலேயே இப்போது யாரும் பேசுவதில்லை.

அதன் பெயர் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கி கொடுத்த 3.2 கோடி டாலர் கடனில் நடந்தது. 1980-ல் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோட்டம் பார்த்துவிட்டுப் பிறகு ஆறு மாவட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். சத்துணவு, இரண்டு வயது தாண்டிய பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டது. கொட்டாம்பட்டித் திட்டத்தின் கவலை அதற்கு முந்தைய வயதைப் பற்றியது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையில் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. பசித்தால் அழத் தெரியும், கேட்கத் தெரியாது. அதற்கு எதை, எப்போது, எத்தனை தடவை கொடுப்பது என்று முடிவு பண்ணுகிறவர்கள் அம்மாவும் மாமியாரும். ஆகவே பிள்ளையைத் தேற்ற வேண்டுமானால் அம்மாவிடம்தான் பேசியாக வேண்டும் என்ற இடத்திலிருந்து அந்தத் திட்டம் புறப்பட்டது.

நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சுமார் 1,500 பேர் உள்ள ஊருக்கு ஒரு சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர். அந்த ஊர்ப் பெண்ணாகவே இருப்பார். ஏழை வீட்டுப் பெண்ணாக, ஆனால் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவராகப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது விதி. ‘எங்கிட்ட மட்டும் என்ன இருக்கு’ என்று எந்த அம்மாவும் அவர் முன்னால் சலித்துக்கொள்ள முடியாதே! மாதம் ஒருதடவை உத்தரத்திலோ மரக்கிளையிலோ தராசைத் தொங்கவிட்டு, பிள்ளையைத் தூக்கிப் போட்டு எடை பார்ப்பார். முள் நிற்கிற இடத்தை அட்டையில் புள்ளியாக வைப்பார். போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் கோடு இழுத்துச் சேர்ப்பார். கோடு மேலே போனால் சரி. படுத்துக் கிடந்தால், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் விஷயம் விளங்கிவிடும். பிள்ளை மெலிந்திருக்கிறது என்று யாரும் வாயால் சொல்லிக் காட்டி மனசை நோகடிக்க வேண்டியதில்லை.

எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறியதும் நிறுத்திவிடுவார்கள். அதைச் சாப்பாடு மாதிரி நினைக்காமல் மருந்து மாதிரி நினைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மருந்து முடிந்த பிறகு வீட்டுக் கஞ்சியிலேயே பிள்ளையைத் தேற்றும் வழியை அம்மா கற்றிருக்க வேண்டும். அதற்காகத்தான் ஊருக்கு ஊர் மகளிர் பணிக்குழு. பத்துப் பதினைந்து, இருபது பெண்கள். சேர்ந்து சத்துமாவு தயாரிப்பார்கள், சமைத்துக் காட்டுவார்கள், எடை ஏறாத வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். மிக மோசமாக மெலிந்த பிள்ளைகளின் விகிதம், திட்டம் நடந்த ஊர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது. 1980-களில் உலகம் முழுக்க ஊட்டச்சத்துப் பாடம் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு ஓர் உதாரணமாக ஆனது இதனால்தான்.

எல்லா ஊரிலும் மகளிர் குழு அமர்க்களமாக நடந்தது என்று கதை விட வேண்டியதில்லை. பல இடங்களில் அது பெயருக்குத்தான் இருந்தது. தராசும் உருண்டையும் வேரூன்றிய அளவுக்குக் கூட்டம் வேரூன்றவில்லை. 1997-ல் இரண்டாம் கட்டமும் முடிந்து, மையங்கள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தோடு கலந்தபோது, தராசு கூடவே வந்தது. சத்துமாவும் வந்தது. பெண்கள் கூடி உட்கார்ந்த அந்த வட்டம் மட்டும் வழியிலேயே உதிர்ந்துபோனது.

கணக்கு சொல்வது

இன்றைக்குத் தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் அங்கன்வாடிகள். ஊரில் யாரும் அங்கன்வாடி என்று சொல்வதில்லை, பால்வாடிதான். 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, இங்கே 100 பிரசவத்தில் 99-க்கும் மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள பணமும் பெட்டகமும் வருகின்றன. இவ்வளவும் இருந்தும், அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருக்கிறது. 100-ல் 57 பிள்ளைக்கு ரத்தசோகை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலை மட்டுமே குடித்த குழந்தைகள் 55 சதவீதம்தான். ஆஸ்பத்திரியில் பெற்று, ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வந்து, மூன்றாம் மாதமே பாட்டில் பாலுக்குப் போகிற பிள்ளைகள் மீதியில் இருக்கிறார்கள்.

இந்தக் குறையைப் பணத்தால் நிரப்ப முடியாது, கட்டடத்தாலும் முடியாது. குழந்தைக்குப் பேதி கண்டால் ‘வயித்தைக் காயப்போடு’ என்று கஞ்சியை நிறுத்துகிற வழக்கம் மருங்காபுரிப் பக்கம் இன்னும் போய்விடவில்லை. மாந்தம் என்று சொல்லிப் பருப்பைத் தள்ளிவைப்பார்கள். தொண்டையில் எதுவோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று போஸ்டர் ஒட்டினால், படிக்கிறவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மாமியார் சொன்னதைச் செய்வார். ஆனால் பக்கத்துத் தெரு மருமகள், ‘எம் புள்ளைக்குப் பேதியானப்ப கஞ்சித்தண்ணியும் உப்பு சர்க்கரைக் கரைசலும் விடாம குடுத்தேன், மூணாம் நாளு எந்திரிச்சு ஓடுனான்’ என்று சொன்னால் கதையே வேறு. குழுவாக உட்காரவைப்பதன் ரகசியம் அவ்வளவுதான். பாடம் மேலேயிருந்து வராமல் பக்கத்திலிருந்து வருகிறது.

காகிதத்தில் இந்தக் கூட்டம் இப்போதும் உண்டு. 2018-ல் மத்திய அரசின் ஊட்டச்சத்து இயக்கமான போஷன் அபியான் வந்தபிறகு, ஒவ்வொரு அங்கன்வாடியும் மாதம் இரண்டு சமுதாய நிகழ்ச்சி நடத்த வேண்டும். கர்ப்பிணிக்கு வளைகாப்பு, ஆறு மாதக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவது, புருஷன்மாரைக் கூப்பிட்டுப் பேசுவது எல்லாம் அதில் அடக்கம். ஒரு நிகழ்ச்சிக்கு 250 ரூபாய். தமிழ்நாட்டின் சமுதாய வளைகாப்பு இன்னும் அழகான ஏற்பாடு. சந்தனம், குங்குமம், கை நிறைய வளையல், கலந்த சாதம். தாய்வீட்டில் வளைகாப்பு போட வசதியில்லாத பெண்ணுக்கு அரசாங்கமே தாய்வீடாகிறது. இதைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த மேடையில் பேசுகிறவர்கள் அதிகாரிகளும் பிரமுகர்களும். மாலை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் கடைசி வரை வாய் திறப்பதில்லை. போட்டோ எடுத்ததும் சாப்பாடு.

பால்வாடி டீச்சரைச் சொல்லியும் பயனில்லை. எடை, உயரம், வருகை எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். சத்துமாவு பாக்கெட் கொடுக்க, வாங்குகிறவர் முகத்தை செல்போனில் காட்டிச் சரிபார்க்க வேண்டும். நெட்வொர்க் கிடைக்காத கரட்டுப் பக்கத்து ஊர்களில் டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் நடப்பார். நடுவில் வாக்காளர் பட்டியல் வேலையும் வரும். 1980-ல் புள்ளி வைத்துக் கோடு இழுத்த அட்டை அம்மா கண்ணெதிரே இருந்தது. இப்போது அதே கணக்கு டெல்லிக்குப் போகிறது, அம்மாவுக்குத் தெரிவதில்லை. கோடு யாருக்காக இழுக்கப்பட்டதோ அவரைத் தவிர எல்லோரும் பார்க்கிறார்கள்.

வளர்ப்பது யார்?

மருங்காபுரி மானாவாரிப் பூமி. காவிரி பாயும் திருச்சி வேறு, இது வேறு. மழை பெய்தால் கடலை, சோளம், துவரை. பெய்யாவிட்டால் பஸ் ஏற வேண்டியதுதான். திருப்பூர் பனியன் கம்பெனி, கோயம்புத்தூர், கேரளா, கொஞ்சம் வசதி கூடினால் சிங்கப்பூர், வளைகுடா. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் திருப்பூருக்குப் போய்விட்ட வீட்டில் பிள்ளையை வளர்ப்பது அப்பாயியோ அம்மாயியோதான். ‘தாய்மார்கள் கூட்டம்’ என்று டீச்சர் தண்டோரா போட்டால் அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? தாய்மாரைத்தானே கூப்பிட்டார்கள் என்று திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் பிள்ளை சாப்பிடுவது அவர்கள் கையால், தூங்குவது அவர்கள் மடியில். அந்தக் கை, காயப்போடும் கையா ஊட்டும் கையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே இன்னொன்றும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. செல்போன். பாட்டு போட்டால்தான் வாய் திறக்கிறான் என்று அப்பாயி சொன்னால், அவரைக் கண்டிப்பது சுலபம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. ஆனால் அறுபது வயதுப் பொம்பளை, ஆட்டையும் பார்த்து, அடுப்பையும் பார்த்து, ஓடுகிற பிள்ளை பின்னாலும் ஓட முடியாமல்தான் போனைக் கொடுக்கிறார். அவருக்கு வேண்டியது கண்டிப்பு இல்லை. பக்கத்து வீட்டு அப்பாயி இதை எப்படிச் சமாளிக்கிறார் என்கிற செய்தி.

நேரமும் ஒரு பெரிய இடைஞ்சல். அரசாங்கக் கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில் நூறு நாள் வேலைக்குப் போனவர் கண்மாய்க் கரையில் இருப்பார், களை வெட்டப் போனவர் காட்டில் இருப்பார். கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறவர், கூலிக்குப் போகத் தேவையில்லாதவராகத்தான் இருப்பார். யாருக்காகக் கூட்டமோ அவரை வடிகட்டி வெளியே அனுப்புகிற நேரம் அது.

தகரக் கொட்டகையில் ஒருத்தி

ஒன்றியத்திலிருந்து பஸ் ஏறிப் போனவர்களைச் சொன்னோம். வெளி மாநிலங்களிலிருந்து ரயில் ஏறி வந்தவர்களையும் பார்க்க வேண்டும். திருச்சி நகரத்திலும் ஸ்ரீரங்கத்திலும் எழும்புகிற அடுக்குமாடிகளுக்குக் கீழே, தகரக் கொட்டகைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்க் குடும்பங்கள். அவர்களின் பிள்ளை மணல் மேட்டில் விளையாடிக்கொண்டிருக்கும். பால்வாடிச் சேவை அந்தப் பிள்ளைக்கும் உரிமைதான். செயலியில் இடம் மாற்றிப் பதியவும் வழி இருக்கிறது. ஆனால் டீச்சருக்கு ஒடியா தெரியாது, அம்மாவுக்குத் தமிழ் தெரியாது.

விசித்திரம் என்னவென்றால், குழுவாக உட்கார்ந்து பிள்ளை வளர்ப்பைப் பேசுவதில் இந்தியாவில் கிடைத்த சிறந்த அனுபவங்கள் அந்தப் பெண்களின் ஊர்ப்பக்கத்திலேயே இருக்கின்றன. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ‘ஏக்ஜுட்’ என்ற அமைப்பு பழங்குடிக் கிராமங்களில் பெண்கள் குழுக்களை நடத்தியது. நடத்துகிறவர் நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. உள்ளூர்ப் பெண். மாதம் ஒரு கூட்டம், மொத்தம் 20. பட அட்டைகளைத் தரையில் பரப்பி, நம் ஊரில் பச்சைக் குழந்தை ஏன் சாகிறது என்று பேசுவார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ‘ஏன்?’ என்று திருப்பிக் கேட்கும் விளையாட்டு. குழந்தை குளிரில் விறைத்தது. ஏன்? பிறந்ததும் குளிப்பாட்டினோம். ஏன்? கிழவி சொன்னாள். அவள் ஏன் சொன்னாள்? இப்படியே போய், எதை மாற்றலாம் என்று அவர்களே ஓட்டுப் போட்டு முடிவெடுத்து, ஊரைக் கூட்டிச் சொல்வார்கள். மூன்று வருஷத்தில் அந்த ஊர்களில் பச்சிளம் குழந்தை மரணம், குழு இல்லாத ஊர்களைவிட 32 சதவீதம் குறைவு. 2010-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த கணக்கு இது. மாத்திரை இல்லை, மெஷின் இல்லை. பேச்சு.

அடுத்ததும் ஒடிசாதான். 192 கிராமங்களில், கைக்குழந்தை வைத்திருந்த சுமார் 1,450 அம்மாக்களைப் பிரித்துப் பார்த்தார்கள். சில ஊர்களில் வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய், பிள்ளையோடு பேசுவது விளையாடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். சில ஊர்களில் அதையே கூட்டமாக உட்காரவைத்துச் செய்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் பிள்ளைகளின் அறிவிலும் பேச்சிலும் இரண்டு வழிக்கும் ஏறக்குறைய ஒரே பலன். செலவில்தான் வித்தியாசம். வீடு வீடாகப் போனால் பிள்ளைக்கு வருஷம் 135 டாலர். கூட்டம் போட்டால் 38. 2020-ல் இந்த முடிவு வெளியானபோது உலகம் முழுக்கக் கவனித்தார்கள், காரணம் இதன் வேர் ஜமைக்காவில் இருக்கிறது. அங்கே 1986-87ல் கிங்ஸ்டன் சேரிகளில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் வீட்டுக்கு வாரந்தோறும் போய் அம்மாவுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகள், அப்படி யாரும் போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

ஆக, ஸ்ரீரங்கத்துக் கொட்டகையில் இருக்கிற ஜார்க்கண்ட்காரி, தன் ஊரில் அப்படியொரு வட்டத்தில் உட்கார்ந்தவளாகவே இருக்கலாம். ‘ஏன்?’ என்று கேட்கத் தெரிந்தவள். இங்கே அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவள் கேட்கவும் ஆளில்லை.

பிழைக்க வந்த குடும்பத்துக்கென்றே இதைச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரத்தில் 1973-லிருந்து ‘அவான்சே’ என்ற அமைப்பு, மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்களுக்கு ஒன்பது மாதப் பெற்றோர் வகுப்பு நடத்துகிறது. அதன் பாடத்திட்டத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் ஏற்பாடு. கூட்டிவர வேன். அம்மா வகுப்பில் இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். சாப்பாடு. ‘ஏழைகளுக்கு அக்கறையில்லை, கூப்பிட்டால் வருவதில்லை’ என்று இங்கே அலுத்துக்கொள்கிறோமே, அவர்கள் வராததற்கு மூன்று காரணத்தைக் கண்டுபிடித்து மூன்றையும் நீக்கிவிட்டுப் பிறகு கூப்பிட்டார்கள். வகுப்பில் அம்மாக்கள் கையாலேயே பொம்மை செய்வார்கள். துணியில், பழைய சாமானில்.

நமக்கு அது புதுசா என்ன? நுங்கு வண்டி, பனையோலைக் காத்தாடி, சோளத்தட்டை மாட்டுவண்டி. தண்ணீர் பாட்டிலில் நாலு புளியங்கொட்டையைப் போட்டு மூடியை இறுக்கினால் கிலுகிலுப்பை. அதை எட்டு மாதக் குழந்தையின் வலது பக்கம் ஆட்டி, பிறகு முதுகுப் பக்கம் ஆட்டி, அது கழுத்தைத் திருப்பித் தேடுகிறதா என்று பார்ப்பதுதான் ஜமைக்காவிலும் ஒடிசாவிலும் சொல்லிக்கொடுத்த பாடம். மத்திய அரசு 2024-ல் வெளியிட்ட ‘நவசேதனா’ வழிகாட்டியில், மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு இப்படி 140 விளையாட்டுகள் மாதவாரியாக இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பால்வாடிகளில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டமும் இருக்கிறது. அப்பாயிக்குத் தெரியாத விளையாட்டு அதில் எத்தனை இருக்கும் என்பது சந்தேகம்தான்! டீச்சர் அந்தப் புத்தகத்தைப் பிரிக்குமுன் அப்பாயிகளைக் கேட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்.

திருச்சியிலேயே, விமான நிலையம் பக்கத்துக் கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள். தமிழ்நாட்டு முகாம்களில் எஸ்.சி. சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், வெளியிலிருந்து நிபுணர்களை இறக்காமல் முகாம் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பாலர் பள்ளி, ஊட்டச்சத்து, மகளிர் குழு என்று வேலை பார்த்தது. கொட்டாம்பட்டியும் ஏக்ஜுட்டும் சொல்வதையே இதுவும் சொல்கிறது. பேச வேண்டியது அதே வரிசை வீட்டுப் பெண். அவர் பேச்சுக்குத்தான் எடை உண்டு.

மருங்காபுரியில் என்ன செய்யலாம்?

புதிதாக ஒரு திட்டம் அறிவிக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. அறிவித்தால் அதற்கொரு செயலி வரும். மாதாமாதம் இருக்கிற இரண்டு நிகழ்ச்சியில் ஒன்றை மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றலாம். பால்வாடிக்குள்தான் நடக்க வேண்டும் என்றும் இல்லை; மாரியம்மன் கோயில் திடல் போதும். கூப்பிடும்போது ‘பிள்ளை வளர்க்கிறவங்க எல்லாரும்’ என்று கூப்பிட்டால் அப்பாயிகள் எழுந்து வருவார்கள். மேடை, மைக், சிறப்பு விருந்தினர் கிடையாது. நடத்துகிறவர் டீச்சராக இல்லாமல், மகளிர் சுயஉதவிக் குழுவில் நாலு பேரைப் பேசவைக்கத் தெரிந்த ஒருவராக இருக்கட்டும். அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். இலவச சேவை என்று பெண்கள் தலையில் கட்டும் பழக்கத்தால்தான் கொட்டாம்பட்டி மகளிர் குழுக்கள் பல ஊர்களில் மெலிந்தன என்பது என் கணிப்பு. எடை அட்டையை அம்மா கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், செயலியில் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும்.

அப்பாக்கள்? போஷன் திட்டத்தில் புருஷன்மாருக்கென்றே ஒரு நாள் இருக்கிறது. ஆனால் அவர் திருப்பூரில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை வீடியோ காலில் பிள்ளையைப் பார்க்காத அப்பா அநேகமாக இல்லை. அந்த அரைமணி நேரத்தை ‘சாப்பிட்டானா?’ என்ற ஒரே கேள்வியில் முடித்துவிடாமல், ஒரு கதை, ஒரு விடுகதை, காக்காவைக் காட்டு மாட்டைக் காட்டு என்று இழுத்தால், பிள்ளையைப் போனை விட்டுப் பிரிப்பதற்குப் பதில் போனுக்குள்ளேயே அப்பாவைக் கொண்டுவந்துவிடலாம். இதை அந்த அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய இடம் மருங்காபுரி இல்லை, திருப்பூர். அங்கே கம்பெனி வாசலில், ஷிப்டு முடிகிற நேரத்தில், இந்த ஒன்றியத்து ஆட்களே சேர்ந்து தங்கியிருக்கிற ரூம்களில். அந்த ரூம்களின் கணக்கு எந்தப் பால்வாடிப் பதிவேட்டிலும் இல்லை. இரண்டு மாவட்ட நிர்வாகமும் ஒருதடவை போனில் பேசிக்கொண்டால் எடுத்துவிடலாம்.